நாப்பி மணத்த பானை

பர்மாவில் யாங்கூனிலிருந்து மாவ்பி ஊருக்குப் போகும் சாலையை அகலமாக்கும் முன், மண்ணுக்கடியில் பழைய சின்னங்கள் இருக்கின்றனவா என்று தேடும் குழுவில் நான் இருந்தேன். மொகிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் செல்வி அக்காவின் சாப்பாட்டுக் கடையை ஒட்டி ஒரு குழி வெட்டினோம். ஒன்றும் அகப்படவில்லை. நாளைக்கு மூடிவிடுவோம் என்றதும் அக்காவின் முகம் வாடிப்போனது. எதுவும் இல்லையென்றால் சாலை அவர் கடை மேலேயே வரும்.

மறுநாள் காலை, குழியின் அடியில் ஒரு மூலையில் மண் கிளறிக் கிடந்தது. கையை விட்டால் ஒரு பானை! ஆசையாகத் தூக்கினேன். நாப்பி என்கிற மீன் விழுதின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

"அக்கா, இது எந்த ராசா காலத்துப் பானை?"

"நேத்து வரைக்கும் நான் கொழம்பு வச்சது தம்பி. கோவிச்சுக்காதே. பழசு ஏதாச்சும் கெடச்சா ரோட்டை வேற பக்கமாத் திருப்பிடுவீங்கன்னு சொன்னாங்க."

எனக்குக் கோபம்தான். பானையை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தோண்டிய பள்ளத்தை மூடக் குனிந்தேன். அடியில் அகல அகலமான பழங்காலச் செங்கற்கள், வரிசையாக! நாங்கள் ஒரு சாண் மேலேயே நிறுத்தியிருந்தோம்.

யார் கண்டுபிடித்தது என்று மேலதிகாரி கேட்டார். நான் கடையைக் காட்டினேன்.

சாலை இப்போது அங்கே வளைந்து போகிறது. எந்தக் குழியை மூடும் முன்பும் இன்னும் ஒரு சாண் தோண்டச் சொல்கிறேன். பானை கிடைத்தால் மட்டும், முதலில் மோந்து பார்த்துவிடுகிறேன்.