யாசீன் ஓதிய மஃரிப்

வெந்தயமும் பூண்டும் குழைந்த நோன்புக் கஞ்சியின் வாசம் எங்கே எழுந்தாலும் என் இடது தோள் கூசுகிறது. அந்தத் தோளை ஒட்டித்தான் அன்று ஜமீலா நின்றாள்.

காரைக்காலில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆலிமாவின் வீட்டுக் கூடத்தில், ரமலான் மாதம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நோன்பு திறப்போம். ஒருநாள் ஆலிமாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளவே, நோன்பு திறந்ததும் தொழும் மஃரிப் தொழுகைக்கு "நீ இமாமா நில்லு" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பன்னிரண்டு வயது. பெண்களுக்குப் பெண் தொழவைத்தால் முன்னால் தனியாக நிற்பதில்லை. வரிசையின் நடுவிலேயே நிற்க வேண்டும். மஃரிபுக்குக் குர்ஆனின் சின்ன அத்தியாயம், சின்ன சூரா ஒன்று போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்பத்து மூன்று வசனம் கொண்ட யாசீன் சூராவை மனப்பாடமாக்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதை நாலு பேர் கேட்க வேண்டும் என்றிருந்தது.

எட்டு வயது ஜமீலாவுக்கு அன்றுதான் முதல் நோன்பு. தாகத்தில் இரண்டு கோப்பைக் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்திருந்தாள். நான் பாதி ஓதும்போதே அவள் சிறுநீரை அடக்கிக்கொண்டு கால் மாற்றி நிற்பது என் தோளில் தெரிந்தது. தொழுகையை முறித்தால் பாவம் என்று பயந்து நின்றாள். பிறகு விசும்பல் கேட்டது. அந்த வசனத்தோடு ஓதலை நிறுத்தி, தொழுகையின் அடுத்த நிலைக்குக் குனிந்திருக்கலாம். குனியவில்லை. குரல் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டிருந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும், "ஏய், பாயெல்லாம் ஈரம்டி!" என்று ஒருத்தி கத்தினாள். "குடிச்ச கஞ்சி அப்புடியே வந்துட்டுடி" என்று இன்னொருத்தி சிரித்தாள்.

மறுநாள் ஜமீலா வரவில்லை. அவள் உம்மா வந்தார். திட்டவில்லை. "நபி நாயகம் தொழவைக்கிறப்ப ஒரு புள்ள அழுவுற சத்தம் கேட்டாக்கூட, அதோட தாய் தவிச்சிப் போவாளேன்னு தொழுவயச் சுருக்கிடுவாங்களாம். எம் புள்ள அழுதது ஒனக்குக் கேக்கலியா தங்கம்?"

"கேக்கல மாமி" என்றேன்.

ஜமீலா அதன்பின் ஓத வரவேயில்லை.

தலைமை ஓர் அமானிதம், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது, ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று பயான் எனும் மார்க்கச் சொற்பொழிவுகளில் சொல்லும்போது, மற்றவர்கள் ஆட்சியாளர்களை நினைத்துத் தலையாட்டுகிறார்கள். நான் தலை குனிந்துகொள்கிறேன்.

ஆலிமாவின் வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஜமீலாவின் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. மன்னிப்புக் கேட்க ஒரு முகவரியும் என்னிடம் இல்லை. சற்று முன்புதான் என் மகள் ஓடி வந்தாள். நாளைக்கு மதரஸாவில் அவள் தொழவைக்க வேண்டுமாம்.

"நீங்க மொதமொதல்ல தொழவெச்சப்ப எந்த சூரா ஓதுனீங்க உம்மா?"

"ஞாபகமில்லம்மா."

அடுத்த அறையில் அவள் நீளமான சூராவாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். பக்கம் புரளும் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கிறது. நான் இன்னும் எழுந்து போகவில்லை.