பொட்டு வைத்த சிடி

பள்ளி வேன் மணியம் போய்விட்டான். நேற்று விடியற்காலை, தூக்கத்திலேயே... கிள்ளானில் அவன் வேனில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் டைப் பண்ணுகிறாள். அவன் ஒரு வேன், நான் ஒரு வேன். ஒரே பள்ளிக்கூட வாசலில் நின்று நின்றே இரண்டு பேரும் கிழவர்களானோம்.

இப்போது எல்லோரும் பேசுகிற ராப்பர் கயல் இருக்கிறாளே... சின்ன வயதில் அவன் வேனில் போனவள்தான். ஜாமில் வேன் நின்றால் போதும், முன்னால் நிற்கிற காரையெல்லாம் பின்சீட்டிலிருந்து தாளம் போட்டுத் திட்டுவாள். மணியம் ஸ்டியரிங்கில் தட்டிக் கொடுப்பான்.

முதல் ஆல்பம் வந்தபோது முதல் சிடியை அவனிடம்தான் கொடுத்தாள். புதுசாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்கிற ஆள் அவன். டயருக்குக்கூட வைப்பான். சிடிக்கும் வைத்தான்... பளபளக்கிற பக்கத்தில்!

"டேய், அந்தப் பக்கந்தான்டா பாடும்!" என்று கத்தினேன்.

"அப்ப பாடுற பக்கத்துக்குத்தானே பொட்டு வைக்கணும்?" என்றான்.

துடைத்துப் பார்த்தும் பயனில்லை. "கிள்ளான் பொண்ணு நான் வரேன்" என்ற இடம் வந்தால் சிக்கிக்கொள்ளும். நான்... நான்... நான்... நான் வரேன். வேன் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் அவளுடைய முதல் ஷோ. டிக்கெட் போகவில்லை.

"இன்னிக்கும் ஆள் வரலன்னா விட்டுடறேன் அங்கிள். தெலுக் பங்லிமா காராங் ஊர்ல ஒரு ஃபேக்டரில வேலைக்குக் கூப்பிட்டாங்க" என்று மணியத்திடம் போனில் அழுதிருக்கிறாள்.

உடனே எனக்கு போன். "உன் வேனையும் எடுடா!"

இரண்டு வேன் நிறையப் பிள்ளைகள், அவர்கள் அம்மா அப்பா... அடைத்துக்கொண்டு போனோம்.

அந்த வரி வந்தது. கயல் பாடிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். பிள்ளைகள் போகவில்லை. நான்! நான்! நான்! நான் வரேன்!

பாட்டை நிறுத்திவிட்டாள். "யாருடா இப்படிப் பாடச் சொன்னது?"

"வேன் அங்கிள் சிடி!"

மணியம் நாற்காலிக்கு அடியில் ஒளியப் பார்த்தான். விஷயம் தெரிந்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதான் லா நல்லா இருக்கு!" என்று அதே மாதிரி திரும்பப் பாடினாள். மண்டபமே எழுந்து ஆடியது...

ஃபேக்டரிக்குப் போகவில்லை.

இரண்டாவது ஆல்பத்தில் அந்தச் சிக்கலை வேண்டுமென்றே வைத்தாள். அதுதான் தூக்கியது. பினாங்கு, சிங்கப்பூர் என்று மேடை மேடையாக ஏறினாள். இவன் காப்பிக் கடையில் உட்கார்ந்து, "என் குங்குமம் பாடுது, கேளு" என்று வந்தவன் போனவனையெல்லாம் பிடித்து வைப்பான்.

அடுத்த வாரம் மூன்றாவது ஆல்பம் வருகிறது. இன்று மத்தியானம் கயல் சாவு வீட்டுக்கு வந்தாள், கையில் புது சிடியோடு.

"பத்திரமா வச்சுக்கம்மா. அந்த மனுஷன் கையில கிடைச்சா இதையும் கெடுத்துடுவாரு" என்றாள் மணியத்தின் மனைவி. அழுகைக்கு நடுவில் சிரிப்பு. சுற்றி நின்ற நாங்களும் சிரித்துவிட்டோம்.

கயல் குங்குமச் சிமிழ் கேட்டு வாங்கினாள். சந்தனம் குழைத்தாள். சிடிக்குப் பொட்டு வைத்து அவன் சட்டைப் பையில் செருகினாள்.

பளபளக்கிற பக்கத்தில்தான் வைத்தாள்.

போய் வா மணியம். நாளைக் காலை உன் பிள்ளைகளை நான் ஏற்றிக்கொள்கிறேன்.