ஆறாவது பாட்டின் மணியோசை

திருச்சியில் ராக் பாட்டு கேட்க ஆள் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் இருசம்மாளுக்குக் கோபம் வரும். அவளுடைய வாட்ஸ்அப் குழுவில் மட்டும் நாற்பத்து மூன்று பேர். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, மன்னார்புரத்தில் ஸ்டீபன்ராஜின் ஆடியோ கடை மாடியில் இவர்கள் கூடுவார்கள். எந்த இசைக்குழு உடைந்தது, எந்தப் பாடகருக்குக் குரல் போனது, யார் யாருடைய கிடார் மெட்டைச் சுட்டார் என்று பேச்சு ஓடும். சாப்பிட வரச் சொல்லி வீட்டிலிருந்து போன் வந்தால்தான் எழுந்திருப்பார்கள்.

இருசம்மாளுக்கு ஐம்பத்தொரு வயது. தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சீனியர் டெக்னீஷியன். ஊசி ஏறுவதே தெரியாது என்று பெயர் வாங்கியவள். சுங்குடிப் புடவையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக அவள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால், இந்த அம்மாவுக்கு டிரம்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைத்து வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது. சொன்னது தப்பென்று தெரிந்தால் தண்டனை: தனக்கு அறவே பிடிக்காத இசைக்குழுவின் பாட்டை ஒரு மாதம் ரிங்டோனாக வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தை எழுதியவர் வெங்கட்ராகவன், ஸ்ரீரங்கத்துக்காரர், கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். அவரே ஒரு தடவை அகப்பட்டுக்கொண்டார்; கல்லூரிக் கூட்டத்தில் முதல்வர் பேசும்போது அவருடைய போன் ஊளையிட்டது. இருசம்மாள் மட்டும் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு முறைகூடச் சிக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

அவள் சும்மா வந்தவள் இல்லை. கேசட் காலத்தில், பிளஸ் டூ முடித்த கையோடு, ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். கேட்கிறவர்களுக்கு இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. மற்ற கடைகளில் பாட்டின் பெயரை மட்டும் எழுதித் தருவார்கள். இருசம்மாள் இசைத்தட்டின் உறையைப் பார்த்து யார் கிடார், யார் பாஸ், யார் டிரம்ஸ் என்று பொடி எழுத்தில் கேசட் அட்டை முழுக்க எழுதினாள். அவள் ஆங்கிலம் கற்றதே அப்படித்தான். குழுவில் பாதிப் பேர் வீட்டில் இன்றும் அவள் கையால் அட்டை எழுதிய கேசட் இருக்கிறது.

அவற்றில் மிக உசத்தியானது காப்பர் ஆர்ச்சர்ட் குழுவின் மூன்றாவது ஆல்பம். ஹாஸ்டல் மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரிடம் அந்த இசைத்தட்டைக் கெஞ்சி வாங்கிவந்தார். ஒரே ஒரு மதியம்தான், சாயங்காலம் திருப்பித் தந்தாக வேண்டும். இருசம்மாள் ஒரு கேசட்டில் பதிந்து வைத்தாள். திருச்சியில் பிறகு சுற்றிய அத்தனை கேசட்டும் அந்த ஒன்றிலிருந்து எடுத்த பிரதிகள்.

அந்த ஆல்பத்தின் ஆறாவது பாட்டில், கிடார் தனியாக ஓடும் இடத்தில், ஒரு மணியோசை வரும். பதினோரு அடி. பன்னிரண்டாவது விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. விழாத அந்த அடியைப் பற்றி வெங்கட்ராகவன் அரை மணி நேரம் பேசுவார். அடிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர், நிறுத்தத் தெரிந்தவன்தான் மேதை என்பார். இருசம்மாளும் தலையாட்டுவாள்.

வம்பு என்னவென்றால், பாட்டு இணையத்தில் வந்தபோது அதில் மணியே இல்லை. ஒலியைச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பெனிக்காரர்கள் மணியையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. பெங்களூர் ரசிகர்கள் எந்த மணி என்று கேட்டபோது, அவர்களுக்குக் காது சரியில்லை என்று பதில் போனது. இப்போது அந்த ஆல்பத்துக்குப் புதுப் பதிப்பு வரப்போகிறது என்று செய்தி. மணியைத் திருப்பித் தரக் கோரி வெங்கட்ராகவன் ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் எழுதினார். நாற்பத்து மூன்று பேரும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. முதல் கையெழுத்து இருசம்மாளுடையதாக இருக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கே கடிதம் போகும்.

வியாழக்கிழமை பவித்ரா குழுவில் ஓர் ஒலித்துண்டு போட்டாள். அவள் திருவானைக்காவலில் சவுண்ட் ஸ்டுடியோ வைத்திருக்கிறவள். கடிதத்தோடு ஆதாரமாக இணைக்க, பழைய கேசட்டிலிருந்து மணியை மட்டும் தனியாகப் பிரித்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருசம்மாள் இயர்போனை மாட்டினாள். மணி பதினோரு முறை கேட்டது. அதன் பின்னால், இத்தனை வருஷம் கிடார் சத்தத்தில் மூழ்கிக் கிடந்த இன்னொன்றும் கேட்டது. ஒரு நாற்காலி தரையில் கரகரவென்று இழுபடும் சத்தம்.

பிசைந்த சாதம் கையிலேயே நின்றுவிட்டது. எதிரே அவளுடைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ், அம்மா வாங்கிக் கொடுத்து மூடியில் பெயர் வெட்டியது. ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அதுதான். கடைப் பெயரைச் சொல்லிக் கேசட்டில் பதிவதற்காக அங்கே மேஜைமேல் ஒரு மைக் இருக்கும். அந்த மதியம் அதை அணைக்க மறந்திருக்கிறாள். முதல் தடவை அந்தப் பாட்டைக் கேட்ட பரவசத்தில், தன்னை அறியாமல் பேனாவால் மூடியில் தாளம் போட்டிருக்கிறாள். முதலாளி மாடிப்படி ஏறி வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருக்கிறாள்.

அவளுக்கு முதலில் வந்தது பயம். சொன்னால் பன்னிரண்டு வருஷப் பெயர் போகும், வெங்கட்ராகவனின் முகம் சுருங்கும், பெங்களூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேர்ந்து, திருச்சியைப் பார்த்து உலகமே சிரிக்கும். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஞாயிறு காலை, கடிதத்தை மேஜையில் விரித்து வெங்கட்ராகவன் தன் பேனாவையே நீட்டினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்க சார். அந்த மணியை அடிச்சது நான்தான்" என்றாள் இருசம்மாள்.

நடந்ததை எல்லாம் சொன்னாள். ஸ்டீபன்ராஜ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கட்ராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். கணக்கு வாத்தியார் அல்லவா!

"ஆதாரம் வேணுமே, மேடம்" என்றார்.

அவள் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். கூடையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள். இணையத்தில் இருக்கிற, மணியில்லாத ஆறாவது பாட்டைப் போடச் சொன்னாள். கிடார் தனியாக ஓடும் இடம் வந்தது. இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பேனாவால் மூடியில் தட்டினாள். பதினோரு அடி. அதே ஓசை, அதே இடைவெளி, ஏழாவது அடியில் வரும் அந்தச் சின்ன இழுப்பு உட்பட. பவித்ரா அந்தத் தட்டலைப் பதிந்துகொண்டு, கணினியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, ஒத்துப்போகிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப அந்தப் பன்னண்டாவது அடி?" என்று கேட்டார் வெங்கட்ராகவன். இதைக் கேட்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"முதலாளி வந்துட்டாருங்க சார்."

முதலில் சிரித்தது அவர்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்டீபன்ராஜிடம் அந்த ஆல்பத்தின் கேசட்டைக் கேட்டு வாங்கினார். அட்டையில் இருசம்மாளின் பொடி எழுத்தில் கிடார், பாஸ், டிரம்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள். அதன் கீழே, அவளுடைய எழுத்தைவிடப் பொடியாக ஒரு வரி சேர்த்து எழுதி அவளிடம் நீட்டினார். மணி: இருசம்மாள், திருச்சி.

அதைப் படித்தபோது இருசம்மாளுக்கு மார்பு விம்மியது. நாற்பத்து இரண்டு பேர் முப்பது வருஷமாக மேதை என்று கொண்டாடியது யாரை? அவளைத்தான். அந்தப் பெருமையை மறைக்க அவள் முயலவுமில்லை. வெங்கட்ராகவன் தண்டனை தனக்கு மட்டும் போதும் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தானும் தலையாட்டியவள்தான், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி, அங்கேயே போனை எடுத்து ரிங்டோனை மாற்றினாள்.

திங்கட்கிழமை காலை, ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கண்றாவிப் பாட்டு அலறியது. பெரியவர் திடுக்கிட்டு, இது என்னம்மா பாட்டு என்றார்.

"தண்டனைங்க ஐயா" என்றாள் இருசம்மாள், நரம்பைத் தடவிப் பார்த்தபடி. "நான் ஒரு ஆல்பத்துல வாசிச்சிருக்கேன். அதுக்கு."

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஊசி ஏறியிருந்தது.