பறியைக் கடித்த பெண்

அந்தப் பொம்மைக்குக் கண்ணும் பல்லும் எழுதியவன் நான். எழுதவில்லை என்று சொன்னவனும் நானே.

பழவேற்காட்டு ஏரியில் உள்ள பசியாவரம் தீவை விட்டு முழங்கால் சேற்றில் நடந்து வந்தபோதே இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். சிப்பி கிழித்துக் காலில் ரத்தம் வந்தது. அது பெரிதில்லை.

கன்னிம்மா என்ற கைம்பெண் அங்கே ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைத்தாள். துணிச் சித்திர வேலையைப் பாதி கற்று ஓடிவந்த எனக்கு இரண்டு மாதம் கஞ்சி ஊற்றினாள். வாசலில் படுக்க விட்டாள்.

ஓய்ந்த நேரத்தில் அவள் ஒரு பெண்ணைச் செய்துகொண்டிருந்தாள். படகுப் பலகையில் உடம்பு. கிழிந்த வலையில் சேலை. ஒல்லாந்தர் கோட்டைக் குப்பையில் பொறுக்கிய நீலப் பீங்கான் சில்லுகளே விலா எலும்பு. தன் கூந்தலையே அறுத்துத் தலையில் ஒட்டினாள். வாயில் ஒரு பறி, இறால் போடும் பனையோலைக் கூடை. முகம் மட்டும் அவளுக்கு வரவில்லை. நான் எழுதினேன்.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சேற்றைத் தடவ இரண்டு கையும் வேண்டும். அதனால் இறால் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் அந்தப் பெண்கள் ஏரியில் தவழ்வார்கள். ஈர முடி, சிவந்த கண், இளித்த பல்... கண்டதைத்தான் எழுதினேன். அதை அவள் கரையில் நிறுத்தினாள்.

அந்த மாதம் இறால் அற்றுப்போனது. பொம்மைதான் காரணம் என்று ஊர் கூடியது.

"இது இன்னாடி?" என்றார் ஊர்த் தலைவர்.

"பொம்பள."

"பல்லக் காட்டினு, மயிர விரிச்சினு... சூனியக்காரின்னு சொல்லு."

"உங்க ஊட்டு அம்மா தண்ணில எப்டிக் கீதுன்னு போய்ப் பாருங்க நைனா."

சிலர் சிரித்தார்கள். தலைவரின் மனைவி சிரிக்கவில்லை.

"மூஞ்சி எழுதனது யாரு?"

"நாந்தான்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவர் என் பக்கம் திரும்பினார். "யோவ் பரதேசி, அவ வாசல்லதான கெடந்த? நீ சொல்லு."

'நான்தான் எழுதினேன், இது உங்கள் வீட்டுப் பெண்கள்தான்' என்று சொல்லியிருந்தால் போதும். என் நகக்கண்ணில் பொம்மையின் கண்ணுக்கு எழுதிய சிவப்புச் சாயம் இன்னும் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நா ஒண்ணும் எழுதல. இவங்கதான் பொம்மகிட்ட பேசினு இருப்பாங்க."

பேசியது உண்மை. "ஆடாம நில்லுடி, தண்ணி சில்லுனுதான் இருக்கும்" என்பாள். என்ன பேசினாள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்... ஏன்? அடிக்குப் பயந்தா? அடி எனக்குப் புதிதல்ல. அவளோடு சேர்த்து என்னையும் பார்ப்பார்களே என்றா? இன்றும் தெரியவில்லை.

பொம்மையை எரித்தார்கள். இனி அவள் ஏரியில் கால் வைக்கக்கூடாது என்றார்கள். ஏரியில் இறங்காமல் அந்தத் தீவில் எவளும் பிழைத்ததில்லை. அவளுடைய பறியை நெருப்பில் போட்டவர்கள் பெண்கள். அவர்கள் இடுப்பிலும் பறி தொங்கியது. விளிம்பில் பல் தடம்.

கன்னிம்மா என்னைத் திட்டவில்லை.

"கஞ்சி கீது. குடிச்சிட்டுப் போ."

குடித்தேன்.

மறுநாள் காலை பழவேற்காட்டில், துணி எழுதும் கொட்டகையில் வேலை கேட்டேன். மேஸ்திரி என் நகத்தைப் பார்த்தார்.

"பூ எழுதுவியா?"

"எழுதுவேன்."

"மூஞ்சி?"

"வராது" என்றேன்.

துணியில் பாதி எழுதிய ஒரு பூங்கொடியைக் காட்டி உட்காரச் சொன்னார்.