இரண்டு ஃபங்ஷன்

மணலி புதுநகரை விட்டுத் திருவொற்றியூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. செருப்பு வார் அறுந்ததில் ஊக்கு குத்தியிருந்தேன். டிரெய்லர்கள் வரிசையாக நின்றதால் நிழலிலேயே போக முடிந்தது. கன்டெய்னர் யார்டு வேலை அந்தச் சனிக்கிழமை மதியம்தான் போயிருந்தது. செக்யூரிட்டி அறையில்தான் படுத்து வந்தேன், அதுவும் போனது.

பத்தாவதோடு நின்றவன் நான். கம்ப்யூட்டரில் ஷீட் போடுவது ஒரு பிரவுசிங் சென்டரைக் கூட்டிப் பெருக்கிய காலத்தில் பழகியது. யார்டில் கப்பல்காரர்கள் தேதி பேச மாட்டார்கள். கன்டெய்னரை இத்தனாவது வாரத்துப் பெட்டி என்பார்கள். தேதியைக் கொடுத்தால் வார எண்ணைச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்றை நானே எழுதினேன். நாட்களை எண்ணி ஏழால் வகுப்பது எளிது. வாரம் எந்தக் கிழமையில் பிறக்கிறது என்பதுதான் தகராறு. கப்பலுக்குத் திங்கள். அப்படியே எழுதினேன்.

மேலாளர் திருநெல்வேலிக்காரர். அதையே லீவு ஷீட்டிலும் போடச் சொன்னார். வாரத்துக்கு ஒரு லீவு. இரண்டாவது கேட்டால் கட்டம் சிவக்கும். முதலில் சிவந்தது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனுடைய கட்டம். திங்களன்று காய்ச்சலில் படுத்தவர். அடுத்து வரும் ஞாயிறு மகளுக்குக் காதுகுத்து, அதற்கும் லீவு கேட்டிருந்தார்.

"இன்னா நைனா, உன் ஃபங்ஷன் என் ஃபங்ஷனுக்கு ஆப்பு வச்சிகீது," என்றார். "வூட்டு காலண்டர பாரு, நாயித்துகெழமதான மொத கட்டம்? மண்டபம் சொல்லியாச்சு, மச்சான் ஊர்லேர்ந்து வந்துகினுகீறான்."

அவர் சொன்னதும் சரிதான். ஃபங்ஷனில் இன்னொரு எண்ணுக்கு இடம் விட்டேன். ஒன்று போட்டால் ஞாயிறு, இரண்டு போட்டால் திங்கள். பெட்டிகளுக்கு இரண்டு, ஆட்களுக்கு ஒன்று. அண்ணனின் கட்டம் பச்சையானது. மேலாளர் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்டு வந்த பிறகுதான் கவனித்தார்.

"ஏம்லே, பெட்டிக்கு ஒரு வாரம், ஆளுக்கு ஒரு வாரமா?"

"பெட்டிக்குக் காது குத்த மாட்டாங்க சார்."

போட்ட கையெழுத்தை அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. என்னைத்தான் போகச் சொன்னார். எனக்கும் அந்த இடம் அலுக்கத் தொடங்கியிருந்தது.

நடந்துகொண்டிருந்த எனக்குப் பின்னால் பைக் வந்து நின்றது. அண்ணன்தான்.

"மூட்டய கட்டிக்கினு எங்க மாமு?"

"இன்னும் முடிவு பண்ணலண்ணா."

"மண்டபத்துல சமையல்காரருக்கு ஓராளு கம்மியா கீது. வெங்காயம் உரிப்பியா, இல்ல அதுக்கும் வாரம் பாக்கணுமா?"

ஏறி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை எர்ணாவூர் மண்டபத்தின் பின்பக்கம் வெங்காய மூட்டைக்கு முன்னால் இருந்தேன். கண் எரிந்தது, மற்றபடி நல்ல வேலை. டீ கேட்காமலே வந்தது. உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது. சமையல்காரர் காது கொடுத்துக் கேட்டார்.

"குத்திட்டாங்க. நீ போயி அரிசிய களஞ்சி எடுத்துனு வா."