நடுக்கயிற்றை அவிழ்த்த அண்ணன்

நாலு பேர் முன் நின்று பேச எனக்கு வராது. முதலாண்டு நினைவு நாளில் சொல்ல வேண்டியதை எழுதியே தருகிறேன்.

அண்ணன் அவர்கள் வடகரையில் பிறந்தார்கள். தகப்பனார் தவறியபோது அவர்களுக்கு வயது பதினாறு. அன்று பிடித்த ஏரால்தான் எங்களைக் கரையேற்றினார்கள். பிறகு தென்காசிக்கு அருகே இவ்வூரில் நிலம் வாரக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினோம்.

அண்ணன் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று, வடக்குத் தெரு வேலாயுதம் அவர்களிடம் தோற்றார்கள். அதோடு ஊர் வடக்குத் தெரு, எங்கள் தெரு என்று இரண்டாயிற்று. சாரல் மழைக்கு முன் வீட்டுக்கு ஒருவர் வந்து வாய்க்காலைத் தூர் வாருவது இங்கே வழக்கம். அவ்வருஷம் வாய்க்கால் நடுவே நீளவாக்கில் கயிறு கட்டி, அவரவர் பாதியை மட்டும் வெட்டினோம். கட்டச் சொன்னது அண்ணன்தான், மறைக்க விரும்பவில்லை. கயிற்றடி மண்ணை இரு தரப்பும் தொடவில்லை. தண்ணீர் வந்ததும் அது சரிந்து மடையை அடைத்தது. கீழே இரண்டு தெரு நாற்றும் மஞ்சளாயிற்று. இன்னும் நாலு நாள் போனால் கார்ப் பருவ நடவே இல்லை.

அண்ணன் மண்வெட்டியோடு வடக்குத் தெருவுக்குக் கிளம்பினார்கள்.

எங்கள் தரப்பு மாடசாமி மறித்தான். “தோத்துட்டு அவரு வாசல்லயே போயி நிக்கவா, அண்ணாச்சி?”

“தோத்தது நானுலே. நாத்து என்ன பண்ணிச்சு?”

வேலாயுதம் அவர்கள் வாசலில் அண்ணன் சொன்னது எனக்கு மறக்காது. “கயிறு கட்டுனது என் தப்பு வே. நீரு ஜெயிச்சாச்சு. இனி எனக்கும் நீருதான் தலைவரு. வந்து கூடையப் பிடியும்.”

“நீரு வெட்டுவீரு, நான் சுமக்கணுமோ?”

“மத்தியானத்துக்கு மேல மாத்திக்கிடுவோம்.”

அண்ணன் கயிற்றை அவிழ்த்து எறிந்தார்கள். வெட்டுபவர் ஒரு தெரு, சுமப்பவர் மறு தெரு என்று ஜோடி சேர்த்தார்கள்.

“கொறச்சுப் போடும் வே, தோத்த கோவத்தையெல்லாம் என் தலையில ஏத்தாதேயும்!” என்று தலைவர் கத்த, கரையே சிரித்தது. மூன்றாம் நாள் மடை திறந்தது.

அடுத்த தேர்தலிலும் அண்ணன் அவரை எதிர்த்தே நின்றார்கள், மறுபடியும் தோற்றார்கள். மறுநாள் கூடையோடு அவர் வாசலுக்குப் போனார்கள். “வெள்ளக்காரன் போயி நாடு நம்ம கைக்கு வரப்போவுது. எதிர்த்து நில்லுங்க, வாய்க்காலுக்கு மட்டும் சேந்து வாங்க” என்பார்கள்.

கடைசி மாதம் குற்றாலத்திலிருந்து தினமும் வந்து பார்த்த வைத்தியருக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பாடை தூக்கியபோது தலைமாட்டில் ஒரு பக்கம் மாடசாமி, மறு பக்கம் வேலாயுதம் அவர்கள். பின்னால் தோள் கொடுத்தவர்களும் தெருவுக்கு ஒருவராக நின்றார்கள். யாரும் ஜோடி சேர்க்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் கை கூப்புகிறேன்.