பெல்டன் அம்மாவின் சாட்சி

மாக் சூய் பதினேழு வருஷம் தோளில் காவடிக் கூடை சுமந்து காய்கறி விற்றவன். அமெரிக்காவில், சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் குத்தகைத் தோட்டம். அவனுடைய முட்டைக்கோசு வேகாத வெள்ளைக்கார அடுப்பு அந்த ஊரில் கிடையாது. சீனாவில், பிறந்த ஊரில் இருந்த ஒரு பிடி மண்ணையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. திரும்பிப் போக இடமில்லாத மனிதன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணியோசை 1892 வசந்தத்தில் பத்திரிகை வழியாக வந்தது. சீனரை உள்ளே விடாத சட்டத்துக்குப் பத்து வருஷக் கெடு முடிகிறது. நீட்டுவதா வேண்டாமா என்று வாஷிங்டனில் வாதம். மளிகைக்கடை ஹோம் டிங் தினமும் படித்துச் சொன்னார்.

"ஒருத்தன் இன்னும் பத்து வருஷம்கிறான். இன்னொருத்தன் கதவை ஒரேயடியா அடைச்சிருங்கிறான்."

"நமக்காக யாருமே பேசலையாண்ணே?"

"ஒரு கிழவர் எழுந்து பேசினாராம். சபையே சிரிச்சிருக்கு."

"புதுசா வர்றவனைத்தானே தடுக்கறாங்க? நாமதான் உள்ள இருக்கோமே."

"உள்ள இருக்கிறவனையும் சேர்த்துட்டாங்கடா! ஆளாளுக்கு சர்க்கார்கிட்ட ஒரு குடியிருப்புச் சீட்டு வாங்கணுமாம். இல்லேன்னா சீனாவுக்குக் கப்பல்தான்."

மே மாதம் சட்டம் நிறைவேறியது. "கழுத்தில் பட்டை கட்ட நாம் என்ன நாயா? யாரும் சீட்டு வாங்காதீர்கள், கோர்ட்டில் உடைத்துவிடுவோம்" என்றார்கள் சீனர் சங்கத்துப் பெரியவர்கள். மாக் சூய் நம்பினான். மறுவருஷம் சட்டம் செல்லும் என்று பெரிய கோர்ட் சொல்லிவிட்டது. அதற்குள் சீட்டு வாங்கும் கெடுவும் தாண்டிவிட்டது. நம்பினவனை நட்டாற்றில் விட்டார்கள், பாவிகள்!

ஒருநாள் தெருவிலேயே கூடையோடு பிடித்துக்கொண்டு போனார்கள். தப்ப ஒரே சந்து இருந்தது. அவன் சட்டம் வருவதற்கு முன்பே இங்கே குடியிருந்தவன் என்று ஒரு வெள்ளையர் சாட்சி சொல்ல வேண்டும். நூறு சீனர் சொன்னாலும் எடுபடாது. ஹோம் டிங் ஓடிப்போய்க் கேட்டது, அவனிடம் காய் வாங்கும் பெல்டன் அம்மாவிடம். வெள்ளைக்காரர்களுக்கு எந்தச் சீனனும் 'ஜான்'தான்.

"நம்ம ஜானா? பதினோரு வருஷமா என் பின்வாசலுக்கு வர்றவனாச்சே! தாராளமா சொல்றேன்."

நல்ல மனுஷிதான், குறை சொல்லக்கூடாது. தொப்பியும் கையுறையுமாக வந்து, பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். பெஞ்சில் மூன்று சீனர்கள். யார் என்று காட்டச் சொன்னார் நீதிபதி. அவள் ஒருமுறை பார்த்தாள், மறுபடி பார்த்தாள், பிறகு யீ லாம் என்பவனைக் காட்டினாள். அவன் ரயிலில் பிடிபட்ட சலவைக்காரன். அந்த ஊரை அன்றுதான் பார்க்கிறான்.

"இவன்தான். சந்தேகமே இல்லை."

மாக் சூய் துள்ளி எழுந்தான். "அம்மா, நான்தாம்மா! பிடிபட்ட அன்னைக்குக் காலையிலகூட, பூச்சி விழுந்த கோசுன்னு திருப்பிக் குடுத்தீங்களே!"

குரலைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. அடையாளம் தெரிந்துவிட்டது, கூடியிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அம்மணி, சாட்சியை மாத்துறீங்களா?"

அவள் முன்வரிசையில் இருந்த பாதிரியார் மனைவியைப் பார்த்தாள். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணிச் சொன்னதை மாத்துற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லைங்க."

யீ லாமுக்கு விடுதலை. மாக் சூய்க்குக் கப்பல். நீதிபதி இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். யீ லாம் நகர முடியாமல் நின்றான்.

"அண்ணே, நான் என்ன செய்ய..."

"போடா," என்றான் மாக் சூய். "அவங்க மனசு மாறுறதுக்குள்ள ஓடிடு."